இளவரசிப் படங்களில் வாய் திறந்து கதைப்பது யார்? ஐந்து வயது மகளின் அம்மா கேட்கிறேன்

காலிவீதி_அம்மா | வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

என் மகளுக்கு ஐந்து வயது. ஓயாமல் கதைக்கிற பிள்ளை. காலையில் கண் விழிக்கும்போதே ஏதாவது ஒரு கேள்வியோடுதான் எழும்புவாள். அன்று பத்து மணிக்குப் பிறகு வீட்டில் அவளுடைய சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் பால்கனிக் கதவோரம் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு காலையும் ஒன்றாக வைத்து என்னுடைய பச்சைத் துப்பட்டாவால் இறுக்கிச் சுற்றியிருந்தாள். ஒரு கை கழுத்தில். "என்ன பிள்ளை, தொண்டை நோகுதா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பாண் வேணுமா என்றால் விரலால் காட்டுகிறாள். கடைசியில் மகன்தான் சொன்னான்: "அம்மா, அவள் ஏரியல். குரலைக் குடுத்திட்டாளாம்."

சரி, விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன். மத்தியானம் மாமி வந்தார். வழக்கமாக அப்பம்மாவைக் கண்டதும் மடியில் ஏறி ஆயிரம் கதை சொல்கிறவள், அன்று பேசாமல் பக்கத்தில் போய் நின்றாள். மாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இப்பதான் பொம்பிளைப் பிள்ளை மாதிரி இருக்கிறாள். இப்பிடி இருந்தால் எவ்வளவு வடிவு!" என்று தலையைத் தடவி, பையிலிருந்து ஒரு மில்க் டொபி எடுத்துக் கொடுத்தார். மகள் டொபியையும் பார்த்தாள், அப்பம்மாவின் முகத்தையும் பார்த்தாள். அதற்குப் பிறகு இன்னும் ஒரு மணி நேரம் கதைக்கவேயில்லை. அந்த ஒரு மணி நேரம் விளையாட்டு அல்ல. எனக்குத் தெரியும், நான் அவளுடைய அம்மா.

மாமியில் எனக்குக் கோபம் இல்லை. அவரையும் அப்படிச் சொல்லித்தான் வளர்த்திருப்பார்கள். இரவு அந்தப் படத்தை நான் தனியாக இருந்து மறுபடி பார்த்தேன். டிஸ்னியின் 'லிட்டில் மெர்மெய்ட்', ஏரியல் என்ற கடற்கன்னியின் கதை, 1989 இல் வந்தது. அதில் கடல் சூனியக்காரி ஏரியலிடம் குரலைக் கேட்கும்போது ஒரு பாட்டுப் பாடுகிறாள். கரையில் இருக்கிற ஆண்களுக்கு வளவளவென்று கதைக்கிற பெண்களைப் பிடிக்காது, வாய் பேசாமல் இருப்பவளுக்குத்தான் ஆள் கிடைக்கும் என்பது அந்தப் பாட்டின் சாரம். சொல்கிறவள் கெட்டவள்தான், பெரியவர்களுக்கு அது விளங்கும். ஆனால் அடுத்த அரை மணி நேரமும் ஏரியல் பேசாமல் கண்ணைச் சிமிட்டிச் சிரிக்க, இளவரசன் மயங்குகிறானே! சூனியக்காரி சொன்னது சரிதான் என்றல்லவா ஐந்து வயதுப் பிள்ளை எடுத்துக்கொள்ளும்? ஏரியலுக்கு வயது பதினாறு என்பதையும் அன்றுதான் கவனித்தேன்.

இந்தப் படங்களை உங்கள் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? நிறுத்திவிடுவதா, கூட இருந்து பார்ப்பதா? பெண் பிள்ளை பெற்றவர்கள் மட்டும் இல்லை, ஆண் பிள்ளை பெற்றவர்களும் சொல்லுங்கள்.

---

கடலோரத்தான் | பம்பலப்பிட்டி

அக்கா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் பழியைப் படத்தில் போடுவது சரியா என்று யோசியுங்கள். நான் சின்ன வயதில் எம்.ஜி.ஆர். படம் பார்த்துவிட்டு ஈர்க்கு வாளோடு திரிந்தவன். இன்று கணக்காளராக இருக்கிறேன், ஒருவரையும் வெட்டவில்லை. என் மகளுக்கு இப்போது பதினாலு வயது. ஐந்தாவது பிறந்தநாளுக்கு நீலச் சட்டை போட்டு, 'ஃப்ரோஸன்' படத்து எல்சாவின் கேக் வெட்டியவள்தான். இன்று பாடசாலை நெட்போல் அணியில் இருக்கிறாள், கணக்கில் என்னை மடக்குகிறாள். மினுக்கச் சட்டையும் கிரீடமும் பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம். அதையும் பறித்தால் பிறகு என்ன இருக்கிறது?

ஆராய்ச்சியும் ஒரே பக்கமாக இல்லை. அமெரிக்காவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் சாரா கோயின் என்பவர் இந்த இளவரசி மோகத்தை வருடக்கணக்காக ஆராய்கிறார். 2021 இல் அவர்கள் வெளியிட்டதில், சின்ன வயதில் இளவரசிகளோடு அதிகம் ஒட்டியிருந்த பிள்ளைகள் ஐந்து வருடம் கழித்துப் பெண் இப்படி, ஆண் இப்படி என்ற பிடிவாதம் குறைந்தவர்களாகத்தான் இருந்தார்கள் என்று வந்தது. ஆண் பிள்ளைகளிடமும் அப்படியே.

---

காலிவீதி_அம்மா

தம்பி, சட்டையோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் வீட்டிலும் நீலச் சட்டை இருக்கிறது, நானே தைத்தது. அதே கோயின் 2016 இல் வெளியிட்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நேர்சரி வயதுப் பிள்ளைகள் 198 பேரைப் பார்த்தார்கள். இளவரசிகளோடு அதிகம் ஒட்டியிருந்தவர்கள் ஒரு வருடம் கழித்து, பெண் என்றால் இப்படித்தான் என்று ஊர் சொல்கிற நடத்தையில் இன்னும் கூடியிருந்தார்கள். பத்து வயதில் மாறிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வயதும் ஒரு வயதுதானே? என் பிள்ளை அந்த வயதில்தான் இருக்கிறாள்.

எனக்கு உறுத்துவது குரல். இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். கார்மன் ஃபோட், கேரன் ஐசன்ஹவர் என்று இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னியின் இளவரசிப் படங்களில் யார் எத்தனை சொல் பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2016 இல் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் 68 வீதம் ஆண் பாத்திரங்களின் பேச்சு. நாயகி குரலை இழப்பதால் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. புத்தகம் வாசிக்கிற பெண்ணைப் பற்றிய 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தில் 71 வீதம். 'பொகஹொன்டஸ்' 76. 'அலாதீன்' 90 வீதம்! போருக்குப் போய் நாட்டையே காப்பாற்றுகிற 'முலான்' படத்திலும் 77 வீதம் ஆண்கள். ஆண் வேடத்தில் பேசும்போதும் முலானைப் பெண் கணக்கில்தான் சேர்த்திருக்கிறார்கள், அப்படியும் இவ்வளவுதான். அவளோடு வருகிற அந்தக் குட்டி நாகம் அவளைவிட ஒன்றரை மடங்கு பேசுகிறது.

இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் 'முலான்' பார்த்து வளர்ந்தவள். அது என்னுடைய படம் என்று நினைத்திருந்தேன்.

---

கடலோரத்தான்

ஒரு சந்தேகம். பழைய படங்களில் எப்படி? 'ஸ்னோ வைட்', 'சின்டரெல்லா' எல்லாம் இன்னும் மோசமாக இருக்கவேண்டுமே.

---

காலிவீதி_அம்மா

அதுதான் ஆச்சரியம். 1937 இல் வந்த 'ஸ்னோ வைட்' பாதிக்குப் பாதி. 1950 இன் 'சின்டரெல்லா' படத்தில் 60 வீதம் பெண்கள். 1959 இன் 'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்தில் 71 வீதம் பெண்கள்தான் கதைக்கிறார்கள், அந்த மூன்று தேவதைகளும் சூனியக்காரியும் இருப்பதால். இளவரசி பாவம், படத்தில் கொஞ்ச நேரம் வருகிறாள், பிறகு படுத்துவிடுகிறாள்.

---

மருதானை_உம்மா

அக்கா, நீங்கள் குரலைச் சொன்னீர்கள். நான் நிறத்தைச் சொல்ல வந்தேன்.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் வெள்ளை, இளையவள் கறுப்பு. இளையவளுக்கு ஆறு வயது. மொண்டிசோரியில் போன வருடம் இளவரசி நாடகம் போட்டார்கள். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். இவள் வீட்டில் வசனமெல்லாம் பாடமாக்கிச் சொல்லிக்காட்டினாள். கடைசியில் "ஸ்னோ வைட் என்றால் வெள்ளையாக இருக்கவேணும்தானே உம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மரமாக நிற்கவைத்திருக்கிறார்கள். அவள் அழவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நியாயம் என்று ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த வாரம் என்னுடைய பவுடர் டின் பாதி காலியாகிவிட்டது.

டியானா இருக்கிறாளே என்று மூத்தவளின் டீச்சர் ஒருவர் சொன்னார். 2009 இல் வந்த 'பிரின்சஸ் அண்ட் த ஃப்ரொக்'. டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. ஆசையோடு போட்டுக்காட்டினேன். நல்ல பிள்ளை, உழைப்பாளி, சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட ஆசைப்படுகிறாள். ஆனால் படத்தில் பெரும்பாகம் அவள் தவளையாக இருக்கிறாள். "உம்மா, அவ எப்ப திரும்ப மனுசியா வருவா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

'அலாதீன்' படத்து இளவரசி யஸ்மின் எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமான பேர். தன் கல்யாணத்தைப் பற்றித் தன்னைக் கேளாமல் மூன்று ஆண்கள் பேசுவதைக் கேட்டு அவளுக்குக் கோபம் வருகிற இடம் எனக்கு நல்ல விருப்பம். அந்தப் படத்தில்தான் 90 வீதம் ஆண்கள் பேசுகிறார்கள் என்று இப்போது நீங்கள் சொல்லித் தெரிகிறது.

---

காலிவீதி_அம்மா

தங்கச்சி, பவுடர் டின்னை வாசித்ததும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். பிள்ளையை என் சார்பில் அணைத்துக்கொள்ளுங்கள்.

---

பென்சில்முனை | தெஹிவளை

நான் கார்ட்டூன் வரைகிற வேலை செய்கிறவள், விளம்பரங்களுக்கும் பிள்ளைகளின் பாட்டு வீடியோக்களுக்கும். இந்தப் படங்களைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அதனால் விருப்பத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

1938 இல் ஒரு பெண் டிஸ்னியில் வரையும் வேலைக்குப் பயிற்சி கேட்டு விண்ணப்பித்தார். அவருக்கு வந்த பதில் கடிதம் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. படத்துக்கான படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அதை முழுக்க இளம் ஆண்களே செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். பெண்களுக்கு இருந்த வேலை, ஆண்கள் வரைந்த கோட்டைச் செலுலோயிட் தாளில் மையால் எடுத்து, பின்பக்கம் நிறம் தீட்டுவது. ஸ்னோ வைட்டின் ஒவ்வொரு அசைவும் அப்படித்தான் ஏதோ ஒரு பெண்ணின் கை வழியாக வந்தது. ஆனால் அவள் என்ன செய்யவேண்டும் என்று தீர்மானித்த அறையில் அந்தக் கைகளுக்கு இடமில்லை. அந்நியர் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முதல் வேலையாகக் கூட்டித் துடைக்கத் தொடங்குகிறாளே, அது அந்த அறையில் முடிவானது.

அக்கா கேட்ட பேச்சுக் கணக்குக்கும் எங்கள் தொழிலில் ஒரு காரணம் இருக்கிறது. கதாநாயகியைப் பெண்ணாக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவோம். கூட வருகிற நண்டு, மெழுகுதிரி, நாகம், கடைக்காரன், காவற்காரன், கூட்டத்தில் ஒரு வரி பேசுகிறவன், எல்லாம் யோசிக்காமலே ஆணாகிவிடும். நானும் செய்திருக்கிறேன். போன மாதம் ஒரு சந்தைக் காட்சி வரைந்தேன், பதினொரு பேர். வரைந்து முடித்துப் பார்த்தால் பெண் இரண்டு பேர், இரண்டு பேரும் வாங்க வந்தவர்கள், விற்கிறவர்கள் இல்லை. நான் பிறந்த ஊரில் சந்தையில் மீன் விற்பதே பெண்கள்தான்! எப்படி எனக்கு மறந்தது?

உடம்பையும் பாருங்கள். 'ஃப்ரோஸன்' படத்தில் அன்னாவின் கண்ணை அளந்து அவளுடைய மணிக்கட்டோடு ஒப்பிடுங்கள், கண் பெரிது. பக்கத்தில் நிற்கிற ஆணின் கை அவளுடைய கையைவிட எவ்வளவோ தடிப்பு. ஒரே படம், ஒரே கணினி, ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு இன்னோர் அளவு. 2012 இல் 'பிரேவ்' படத்தின் மெரிடா சுருட்டை முடியும் வட்ட முகமுமாக, வில்லோடு வந்தாள். அந்தக் கதையை உருவாக்கியவர் பிரெண்டா சப்மன். பிக்ஸாரில் முழுநீளப் படம் இயக்க வந்த முதல் பெண். இடையில் அவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட்டார்கள், ஒஸ்கார் மேடையில் இருவருமே ஏறினார்கள். அடுத்த வருடம் மெரிடாவை இளவரசிகள் வரிசையில் சேர்க்கும்போது இடுப்பை ஒடுக்கி, கண்ணுக்கு மை தீட்டி, சட்டைக் கழுத்தை இறக்கி ஒரு படம் வெளியிட்டார்கள். வில்லையும் காணோம். சப்மன் பகிரங்கமாகவே எதிர்த்தார், ஏராளமான பெற்றோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். பிறகு நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய மெரிடா திரும்பி வந்தாள்.

வரைகிறவர்களுக்கு வாசகர் எழுதுவது காதில் விழும். நம்புங்கள்.

---

நூலகத்து_மேசை | கொட்டாஞ்சேனை

பிள்ளைகளே, நான் முப்பத்து நான்கு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள். எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்த குற்றம் போலக் கதை போகிறது. நம்முடைய இளவரசிகளையும் ஒருதரம் பார்ப்போம்.

தடாதகைப் பிராட்டி. திருவிளையாடற் புராணத்தில் பாண்டியனுக்கு மூன்று தனத்தோடு பிறந்த மகள். ஆண் பிள்ளைபோல வளர்த்து, முடிசூட்டி, படை நடத்தித் திசையெல்லாம் வென்று கயிலை வரைக்கும் போகிறாள். அங்கே சிவனைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைகிறது, நாணத்தால் தலை குனிகிறாள், போர் அந்த இடத்தோடு முடிகிறது. பக்தியோடு வாசிக்கும்போது அதன் பொருள் வேறு, நானும் அப்படித்தான் கும்பிடுகிறேன். ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், ஏன் கண்டதும் சண்டையை விட்டவ?" என்று கேட்டபோது அந்தக் கேள்வி சரியான கேள்வி என்றுதான் எனக்குப் பட்டது.

அல்லி. அல்லி அரசாணி மாலையை எங்கள் அம்மம்மா ராகத்தோடு வாசிப்பார். மதுரையை ஆண்டவள், ஆண் வாடையே வேண்டாம் என்று இருந்தவள். அர்ச்சுனன் பாம்பாகிப் படுக்கையறைக்குள் போய், நித்திரையில் இருக்கும்போது தாலி கட்டிவிடுகிறான். உறங்குகிற பெண்ணை முத்தமிட்டு எழுப்பும் கதையைக் குறை சொல்கிறோமே, நம்முடையது அதைவிட எந்த விதத்தில் மேல்? இன்னொன்றும் சொல்லவேண்டும். கிரிம் சகோதரர்கள் எழுதிய ஸ்னோ வைட்டில் முத்தமே இல்லை. பெட்டியைத் தூக்கிப் போகிறவர்கள் இடறியபோது தொண்டையில் சிக்கிய அப்பிள் துண்டு வெளியே விழுகிறது, எழும்புகிறாள். அன்டர்சன் 1837 இல் எழுதிய கடற்கன்னிக்கு நாக்கையே வெட்டிவிடுவார்கள், இளவரசனும் அவளுக்குக் கிடைப்பதில்லை, நுரையாகிப் போகிறாள். மூலக்கதைகள் கொடூரமானவை. ஆனால் குரலைக் கொடுத்தால் கல்யாணம் கிடைக்கும் என்று அன்டர்சன் எழுதவில்லை.

பிறகு, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மாருதப்புரவீகவல்லி. குதிரை முகத்தோடு பிறந்த சோழ இளவரசி. கடல் கடந்து வந்து கீரிமலையில் நீராட முகம் மாறுகிறது. மா என்றால் குதிரை. மா விட்ட புரம், மாவிட்டபுரம். நான் சின்ன வயதில் கேட்டதெல்லாம் முகம் வடிவான கதைதான். கோயில் கட்டியது அவள் என்பதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரு பெண் ஊர்விட்டு ஊர் வந்து, கல்லும் சிற்பிகளும் வருவித்துக் கோயில் எழுப்பியிருக்கிறாள், அதைப் பற்றி ஒருவரும் விரித்துச் சொன்னதில்லை. யாழ்ப்பாண வைபவமாலையில் உக்கிரசிங்கன் என்ற அரசன் அவளை இரவோடு இரவாகத் தூக்கிப் போய் மணம் முடிக்கிறான். அதையும் வீரமாகத்தான் சொன்னார்கள்.

எனக்குப் பிடித்தவள் மணிமேகலை. இளவரசி இல்லை, கணிகையின் மகள். சோழ இளவரசன் உதயகுமரன் துரத்துகிறான், வேண்டாம் என்கிறாள். மணிபல்லவத்தில் அமுதசுரபி கிடைக்கிறது. ஊரூராகப் போய்ப் பசித்தவருக்குச் சோறு போடுகிறாள், சிறைச்சாலையை அறக்கோட்டமாக மாற்றச் சொல்லி அரசனிடமே கேட்டு வாங்குகிறாள். நயினாதீவுக்குப் போகிறவர்கள் மணிபல்லவம் இதுதான் என்று பிள்ளைக்குக் காட்டுகிறீர்கள் அல்லவா, அவள் அரசனிடம் பேசியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல சித்திரப் படமாக யாராவது எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். பென்சில்முனை மகள், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

---

பென்சில்முனை

டீச்சர், அமுதசுரபியை எப்படி வரைவது என்று இப்போதே மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. எண்ணெய் குடித்த கறுப்பு மட்பாத்திரமாக வரையவேண்டும், பொன் பாத்திரமாக இல்லை.

---

மழலைக்கூடம் | கொட்டாஞ்சேனை

வணக்கம். நான் ஒரு சின்ன மொண்டிசோரியில் டீச்சர். மருதானை உம்மா எழுதியதை வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. எங்களுடைய இடம் அது இல்லை, ஆனால் எங்களுடைய இடமாகவும் இருந்திருக்கலாம்.

போன வருடக் கலைவிழாவுக்கு நான் எழுதிய நாடகக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்த மொழியியலாளர்கள் எண்ணியதுபோலச் சிவப்புப் பேனையால் எண்ணினேன். கதை சொல்லுகிறவன் ஆண் பிள்ளை, பதினாலு வசனம். அரசன் ஒன்பது. மந்திரி ஏழு. இளவரசி இரண்டு. முதலாவது "ஐயோ, காப்பாற்றுங்கள்". இரண்டாவது "நன்றி". இதை எழுதியது நான். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தேன். இளவரசிக்கு எப்போதும் உடுப்பு வடிவாக இருக்கிற பிள்ளையைத்தான் தேடுவோம். கெய்சர் வீதியில் நெட் துணி வாங்கித் தைக்கக்கூடிய வீடு, நல்ல நிறம், நீளமான முடி. சத்தமாகக் கதைக்கத் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை. அதனால் வசனத்தைக் குறைத்து எழுதுவோம், பிள்ளை மறந்துவிடும் என்று. ஆண் பிள்ளைகளுக்கு நேர்மாறு. சத்தம் போடுகிறவனைப் பிடித்து மைக்கைக் கொடுத்துவிடுவோம். வகுப்பில் அதே அளவு சத்தம் போடுகிற பெண் பிள்ளைக்கு நான் சொன்னது "ஷ்ஷ்".

இந்த வருடம் மாற்ற நினைக்கிறேன். எல்லோரும் யோசனை சொல்லுங்கள்.

---

கடலோரத்தான்

டீச்சர், உங்கள் பதிவை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு விஷயத்தை நினைவூட்டினார், அதை இங்கே சொல்வதுதான் நேர்மை.

போன ஆவணியில் என் தங்கச்சி மகளுக்குச் சாமத்தியவீடு செய்தோம். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம். முதல் உடுப்புச் சேலை, இரண்டாவது இளவரசிச் சட்டை. மண்டப வாசலிலிருந்து மேடைக்கு வெள்ளி நிறம் அடித்த ஒரு பூசணிக்காய் வண்டியில் கொண்டுவந்தார்கள். புகை விட்டார்கள். பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. வந்தவர்களுக்கு நன்றி சொல்லி நாலு வார்த்தை கதைக்கவேண்டும் என்று ஒரு கடதாசியில் தானே எழுதி வைத்திருந்தாள். தமிழிலும் இங்கிலிஷிலும். நேரம் போகிறது, சாப்பாடு ஆறுகிறது என்று மைக் கொடுக்கவில்லை. பிள்ளைக்குப் பதிலாக நன்றியுரை சொன்னது நான்தான். மாமன் என்ற முறையில். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

படங்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. வீட்டில் பிள்ளைக்கு வாய் இருந்தால் படம் ஒன்றும் செய்யாது என்றுதான் இப்போதும் சொல்வேன். ஆனால் அந்த வண்டிக்குக் காசு கட்டியது டிஸ்னி இல்லை, நாங்கள். நேற்று மருமகளுக்குப் போன் எடுத்து அந்தக் கடதாசி இருக்கிறதா என்று கேட்டேன். கிழித்துப் போட்டேன் மாமா என்றாள்.

---

மருதானை_உம்மா

இதை எழுதியதற்கு நன்றி அண்ணா.

---

காலிவீதி_அம்மா

தம்பி, நன்றி. நானும் ஒரு கணக்கெடுத்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மொழியியலாளர்கள் இன்னொன்றையும் எண்ணியிருக்கிறார்கள், படத்தில் பெண் பாத்திரங்களுக்கு என்ன பாராட்டுக் கிடைக்கிறது என்று. பழைய மூன்று படங்களில் 55 வீதப் பாராட்டு அழகுக்கு, 11 வீதம்தான் திறமைக்கு. புதிய படங்களில் அது தலைகீழாகி அழகுக்கு 22, திறமைக்கு 40 என்று வந்திருக்கிறது. ஆகவே படங்கள் மாறிக்கொண்டுதான் வருகின்றன. 'மோவானா' படத்தில் காதலே இல்லை, கடலும் வள்ளமும்தான். 'ஃப்ரோஸன்' கதையை எழுதி இயக்கியவர்களில் ஒருவர் ஜெனிஃபர் லீ என்ற பெண். அன்று கண்டவனை அன்றே கல்யாணம் கட்டுவது புத்தியில்லை என்று அக்காவே தங்கைக்குச் சொல்கிறாள். அதிலும் ஆண்களின் பேச்சு 59 வீதம் என்பது வேறு கதை. 2019 இல் இரண்டாம் பாகம் தமிழில் வந்தபோது எல்சாவுக்கு நடிகை ஸ்ருதி ஹாசனும் அன்னாவுக்குத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டிடியும் குரல் கொடுத்தார்கள். மகள் அதைக் கேட்டுவிட்டு "இளவரசி எங்கட பாசையிலயும் சண்டை பிடிப்பாவா?" என்று வாயைப் பிளந்தாள்.

சரி, என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மகனின் பிறந்தநாள். ஒன்பது வயது. வீட்டுக்கு இருபத்தி மூன்று பேர் வந்தார்கள். குசினிக் கதவுக்குப் பின்னால் பால்காரனின் கணக்குக் கொப்பி தொங்கும். அதில் இரண்டு பக்கம் பிரித்து, வருகிறவர்கள் மகனுக்கு முதல் வார்த்தையாக என்ன சொல்கிறார்கள், மகளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தேன். மகனுக்கு: "எத்தனையாம் ஆண்டு?", "கிரிக்கெட் எப்படிப் போகுது?", "வளர்ந்திட்டாய்", "ஸ்கொலர்ஷிப்புக்குப் படிக்கிறியா?" மகளுக்கு: "வடிவான சட்டை", "வடிவாய் இருக்கிறாய்", "ஆர் இந்த வடிவான பிள்ளை?", "நகப்பூச்சு ஆர் போட்டது?" இருபத்தி மூன்று பேரில் பத்தொன்பது பேர் மகளிடம் உடுப்பையோ முகத்தையோதான் சொன்னார்கள். எல்லோரும் பாசமாகத்தான் சொன்னார்கள். நாலு பேர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அந்த நாலு பேரிடம்தான் அவள் கதைத்தாள்.

பிறகு கொப்பியை மேலே புரட்டி, முதல் வரியில் என்னையும் எழுதினேன். காலையில் சட்டை போட்டுவிட்டு நான் சொன்ன முதல் வார்த்தையும் "வடிவு"தான்.

மாமியோடும் கதைத்தேன். டொபி விஷயத்தைச் சண்டையாக இல்லாமல் கேட்டேன். கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, தான் ஐந்தாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதலாவது வந்ததாகவும், அடுத்த வருடம் பெரிய பிள்ளையானதும் மேடை ஏறவிடவில்லை என்றும் சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்கோ என் கணவருக்கோ இது தெரியாது. அந்தப் பேச்சு இன்னும் பாதி நினைவிருக்கிறது. மகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்லிக்காட்டினார், "அவையோர்களே" என்று தொடங்கி. மகள் இப்போது வீடு முழுக்க "அவையோர்களே, எனக்குத் தண்ணி வேணும்" என்று திரிகிறாள்.

---

நூலகத்து_மேசை

மழலைக்கூடம் டீச்சர், நாடகத்துக்கு நான் எழுதித் தருகிறேன். மாருதப்புரவீகவல்லி கோயில் கட்டுகிற கதை. குதிரை முகத்தை மாற்றவேண்டாம், கடைசி வரைக்கும் அப்படியே இருக்கட்டும். பிள்ளைகளுக்குக் குதிரை முகமூடி என்றால் கொள்ளைப் பிரியம். சிற்பி, வள்ளக்காரி, கல் சுமக்கிறவர்கள், சமையற்காரர் என்று நிறையப் பாத்திரம் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது மூன்று வசனம்.

---

மழலைக்கூடம்

டீச்சர் அனுப்பிய நாடகம் கிடைத்தது. இன்று முதல் ஒத்திகை.

யாருக்கு எந்தப் பாத்திரம் வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்டேன், உடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. இளவரசிக்கு நாலு பேர் கை தூக்கினார்கள், அதில் ஒருவன் ஆண் பிள்ளை. குதிரை முகமூடிக்காகத்தான். முகமூடி நாலு செய்து, காட்சிக்கு ஒருவராக நாலு பேரையும் விடப்போகிறேன். அந்தப் பையனின் அப்பாவிடம் நாளை காலை கதைக்கவேண்டும். என்ன சொல்வாரோ தெரியாது, ஆனால் பையன் வசனத்தை ஒரே தரத்தில் பிடித்துவிட்டான்.

நான் "ஷ்ஷ்" சொல்கிற பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அவள் வள்ளக்காரி கேட்டாள். கடலைத் தாண்டும்போது எல்லோரையும் அதட்டி உட்காரவைக்கிற பாத்திரம். அவள் அதட்டியதில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மருதானை உம்மா, உங்கள் இளைய மகள் இப்போது பெரிய பாடசாலைக்குப் போய்விட்டாள் என்று தெரியும். கதை சொல்லுகிறவருக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பிள்ளை தேவை, பதினாறு வசனம், நன்றாக வாசிக்கத் தெரியவேண்டும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒத்திகை. அவளுக்கு விருப்பமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

---

மருதானை_உம்மா

கேட்டேன் டீச்சர். "மரம் இல்லைதானே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வருகிறேன். வசனத்தை முதலே அனுப்பமுடியுமா? இன்றிரவே பாடமாக்கவேண்டுமாம்.